மாசி என்று சொன்னவன் நான்

நான் கட்டியதை எல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் மறந்துபோனது என்று எவரும் சொல்லக் கூடாது.

திருச்சுழி ரோட்டில் மூன்று பேர் தோண்டிப் பார்த்து, பாறை என்று கைவிட்ட கிணற்றில் நான்காவது ஆளாக இறங்கினேன். எழுபத்திரண்டு அடியில் தண்ணீர் வந்தது. உப்புத் தண்ணீர் என்று கரையில் நின்று சிரித்தார்கள். அந்த உப்புத் தண்ணீரில் இன்றைக்கு நாற்பது தென்னை நிற்கிறது. சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இளநீர் என் தோப்பிலிருந்துதான் போகிறது. ஊரே முள் என்று ஒதுக்கிய வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டேன். கரி ஏற்ற லாரி வாங்கினேன். லாரியை எடை போட அடுத்தவன் வாசலில் எதற்குக் காத்து நிற்க வேண்டும் என்று பந்தல்குடி பக்கம் சொந்தமாக எடைமேடை கட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு எடைமேடை எதற்கு என்று அனுமதி வாங்கப் போன இடத்தில் ஒருவர் கேட்டார். பிறகு அவருடைய மச்சான் லாரியே என் மேடையில்தான் ஏறி இறங்கியது. அருப்புக்கோட்டையில் மாடி வீடு. மகனுக்கு இன்ஜினியர் படிப்பு. அவன் இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், சுரங்க இயந்திரக் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். இதில் ஒன்றுக்கும் யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. காலை வாரியவர்கள் பட்டியல் வேண்டுமானால் தனியாகத் தருகிறேன்.

கடைசியாக நான் கட்டியது ஒரு பயணத் திட்டம். வருகிற மாசியில், பெர்த்துக்குத் தெற்கே மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிற கடற்கரைத் திராட்சை நாட்டுக்கு நாங்கள் இரண்டு குடும்பமும் ஐந்து நாள் போய்வருவதற்கான திட்டம். அதை மகனுடைய மாமனார், பாலவனத்தத்துச் சம்பந்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தான் போட்டதாக அச்சடித்துக் கம்பிச் சுருள் கோத்து வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் என் பங்கு ஏறாத வரைக்கும் நான் விமானம் ஏறுவதாக இல்லை. என் பாஸ்போர்ட் பீரோவுக்குள் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன சித்திரையில் மகன் போனில் கூப்பிட்டான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்து வரவேண்டும், நல்ல இடம் ஒன்று காட்டுகிறேன் என்றான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மரக்காடு, நடுவில் கண்ணுக்கு எட்டின மட்டும் திராட்சைத் தோட்டம், தோட்டத்துக்கு ஒரு ஒயின் கடை என்று சொன்னான். என் வீட்டுக்காரிக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது.

"சாராயம் காய்ச்சுற ஊருக்கா எங்களக் கூப்புடுற?" என்றாள்.

போனில் அவன் பக்கத்திலிருந்து மருமகள் சிரித்தாள். "அத்தை, அது சாராயம் இல்ல. ஒயின்."

"புளிக்கவச்சது எல்லாம் ஒண்ணுதான் தாயி," என்றேன் நான். என் இரண்டு லாரியைப் பள்ளத்தில் இறக்கிய டிரைவர்கள் அதையெல்லாம் பிரித்துப் பார்த்துக் குடிக்கவில்லை.

இருந்தாலும் திராட்சை என்றதும் என் வீட்டுக்காரிக்கு ஒரு ஆசை வந்தது. "கடையில தட்டுல வச்சிருக்கதத்தான பாத்துருக்கேன். கொடியில தொங்குறத ஒரு தடவை பாக்கணும்," என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். கடலும் காடும் மற்றவர்கள் ஆசை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலவனத்தத்தில் சம்பந்தி வீட்டில் கூடினோம். கூடினோம் என்றா சொன்னேன், பள்ளிக்கூட அசெம்பிளிக்குப் போனோம் என்று சொல்ல வேண்டும். மேசை மேல் நோட்டு, அடிக்கோல், சிவப்புப் பேனா. அவர் நாற்காலியில். எங்களுக்கு சோபா, அதுவும் அவர் நாற்காலியைவிட ஒரு சாண் தாழ்வு. நான் வாயைத் திறக்கும் முன்பே மாதத்தை முடிவு செய்துவிட்டார்.

"ஆடிதான் சரி. ஆடியில முகூர்த்தம் கிடையாது. ஒரு கல்யாணப் பத்திரிகை வராது. நாம வரலைன்னு ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாக. இங்க இருந்தாலும் அந்த மாசம் பூரா காத்தும் புழுதியும்தான. என்ன சம்மந்தி?"

எங்கள் பக்கத்தில் வெளியூர்ப் பயணத்துக்கு ஆடியைப் பிடிப்பது வழக்கம்தான். கல்யாண மாதத்தில் ஊரில் இல்லாமல் போனால் அந்தப் பேச்சு ஏழு வருடம் நிற்கும். அதனால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒளிக்க மாட்டேன். தலையாட்டினேன்.

"அங்க ஆடின்னா குளிர்காலம், மாமா," என்றான் மகன், போனில்.

"அது எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? பூமத்திய ரேகைக்குக் கீழே பருவம் தலைகீழ். முப்பது வருஷம் கரும்பலகையில எழுதியிருக்கேன். அதுக்குத்தான் ஆளுக்கு ரெண்டு சுவெட்டர்னு போட்டிருக்கேன்."

எழுதியவர், எழுதியதை ஒரு நாளாவது யோசித்துப் பார்த்திருந்தால் கடற்கரைக்குச் சுவெட்டர் எடுத்துக்கொண்டு போகச் சொல்வாரா? என் மகனும் மாமனார் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. என்னிடம் எதற்கெடுத்தாலும் "உங்களுக்குத் தெரியாதுப்பா" என்பவன், அவரிடம் மட்டும் "சரிங்க மாமா".

"திராட்சை இருக்குமா அப்ப?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

"மதினி, திராட்சை வருஷம் பூராவும் காய்க்கும்," என்றார் சம்பந்தி. "கம்பத்துக்கு எத்தனை தடவை ஸ்கூல் டூர் கூட்டிட்டுப் போயிருக்கேன். எந்த மாசம் போனாலும் பந்தல் நிறையக் குலைதான்."

கம்பம் என்ற பெயர் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரி என் தொடையில் கை வைத்து அழுத்தினாள். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினேழு வயதில் இரண்டு வருடம் மழை இல்லை. இந்தப் பக்கத்தில் கூலி வேலையும் இல்லை. நான் கம்பம் போனேன். திராட்சைத் தோட்டத்தில் மூன்று வருடம் கூலிக்கு இருந்தேன். என் வேலை கவாத்து வெட்டுவது. காய்ப்பு முடிந்த கொடியில் பழைய கிளையைக் கழித்து, துளிர் வருகிற கணு, கண் என்போம், அதில் இரண்டை விட்டு, சாய்வாக வெட்ட வேண்டும். கண் தப்பினால் அந்தக் கிளை காய்க்காது. பந்தல் தலைக்கு மேல் இருக்கும். காலையிலிருந்து மாலை வரை அண்ணாந்தே நிற்க வேண்டும். வெட்டின இடத்திலிருந்து சொட்டுகிற நீர் கண்ணில் விழும். ராத்திரி கழுத்தைத் திருப்ப முடியாது. ஆறு மாதத்தில் அந்தத் தோட்டத்திலேயே என் கைதான் சுத்தமான கை என்று முதலாளி சொன்னார். கிணறு தோண்ட எனக்குக் கையில் இருந்த முதல் காசு அந்தத் தோட்டத்துக் காசு.

இதை நான் எங்கும் சொல்லுவேன். லாரி செட்டில் சொல்லியிருக்கிறேன், எடைமேடையில் சொல்லியிருக்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் சொன்னதில்லை. ஏழு வருடத்துக்கு முன் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும்போது மகன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "அப்பா, கம்பத்துல கூலிக்கு இருந்த கதைய மட்டும் அங்க எடுக்காதீங்க. அவுக எல்லாம் படிச்ச குடும்பம்." அவனைப் படிக்கவைத்ததே அந்தக் கூலிதான். ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததால் அன்றைக்கு பாலவனத்தத்திலும் பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் மகன் வீடியோ போட்டுக் காட்டினான். முந்தின ஆடியில் சிநேகிதர்களோடு அங்கே போனபோது எடுத்தது. சம்பந்தி வீட்டு டிவியில் பெரிதாகத் தெரிந்தது. முதலில் கடல். சாம்பல் நிறத்தில் ஆளுயரத்துக்கு அலை. கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. பிறகு காடு. அது மரம் என்றால் மரம், நம் ஊர்க் கோபுரத்தை உள்ளே நிறுத்தி மறைத்துவிடலாம். அதற்குப் பிறகு தோட்டம்.

அங்கே பந்தல் கிடையாது. நெஞ்சு உயரத்துக்குக் கம்பி கட்டி வரிசை வரிசையாகக் கொடியை ஏற்றியிருந்தார்கள். நேராகப் பார்த்தபடியே வெட்டலாம், கொடுத்துவைத்த கூலிக்காரர்கள் என்று முதலில் தோன்றியது. அப்புறம்தான் கொடியைப் பார்த்தேன். ஒரு இலை இல்லை. கருத்த கட்டை மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது. வரிசைக்கு நடுவில் வெட்டிப்போட்ட குச்சி குவிந்து கிடந்தது. மகன் காமிராவைக் கிட்டே கொண்டுபோனபோது வெட்டு தெரிந்தது. இரண்டு கண் விட்டு, சாய்வு வெட்டு. நல்ல கை வெட்டியிருக்கிறது.

என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏலே, இது கவாத்து முடிஞ்ச கொடிலே! இதுல துளிர் வந்து, பூத்து, காய்ச்சு, பழுக்கணும்னா இன்னும் ஆறேழு மாசம் ஆகும். ஆடியில போனா குச்சியத்தான் எண்ணிட்டு வரணும்."

சம்பந்தி சிவப்புப் பேனாவை மூடிவைத்தார்.

"கம்பத்துல அப்படி இல்லையே," என்றார்.

"கம்பம் வேற. அங்க குளிர் கிடையாது, தோட்டத்துக்குத் தோட்டம் மாத்தி மாத்தி வெட்டுவாங்க, வருஷம் பூரா காய்க்கும். இங்க குளிருக்குக் கொடி தூங்கிருச்சு. ஊர் பூரா ஒரே தடவைதான் காய்ப்பு."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் சம்மந்தி?"

நான் பதில் சொல்லும் முன் போனில் மகன் குறுக்கே விழுந்தான். "அப்பா ஏதாச்சும் வீடியோவுல பாத்துருப்பாரு மாமா. நாள் பூரா போனும் கையுமாத்தான இருக்காரு."

பெற்ற பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாக்குக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காபியைக் குடித்தேன். ஆறிப்போன காபி.

மறுநாள் காலையில் அவனைக் கூப்பிட்டேன்.

"நீ அங்க போய் என்னத்தலே பாத்த? கொடியில ஒரு காய் இல்லைன்னு உனக்குத் தெரியலையா?"

"கடையில பாட்டில் எல்லா மாசமும் இருக்கும்பா," என்றான்.

அதுதான் இன்ஜினியர். பாட்டில் இருந்தால் கொடி எதற்கு! திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதினால் காகிதம் தாங்காது. கடைசியில், "அந்தத் தோட்டத்துக்காரனுக்குப் போனைப் போடு. எந்த மாசம் அறுப்புன்னு கேளு. வெயில் எப்படி, கடல்ல எறங்க முடியுமா, மதியம் காத்து எப்படின்னு கேளு. கேட்டுட்டு எனக்குச் சொல்லு," என்றேன்.

கேட்டுச் சொன்னான். மாசியில் பாதிக்கு மேல் பங்குனி வரைக்கும் அறுப்பு. விடிகாலையில் பறிப்பார்கள். கடல் வெதுவெதுப்பு. மதியத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பி மண்ணை வாரி அடிக்கும்.

மாசி என்று சொன்னதும் சம்பந்தி குதித்தார். "மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடாம, சாராயம் காய்ச்சுற ஊருக்கா?" அதுவரைக்கும் அவருக்கு அது ஒயின். என் வீட்டுக்காரியும் அவர் பக்கம் சாய்ந்தாள். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் இல்லாமல் இருப்பதை எங்கள் இரண்டு குடும்பமும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதே மாதிரி அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அருப்புக்கோட்டையில் இருந்தாக வேண்டும்.

நான் பஞ்சாங்கத்தை எடுத்துக் கீழே விரித்தேன். சிவராத்திரி இங்கே, பங்குனிப் பொங்கலை ஊருக்கு அறிவித்துச் சாட்டுகிற நாள் இங்கே. நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தேதி தேதியாக விரல் வைத்து எண்ணினேன். மூன்று வாரத்துக்கு மேல் சும்மா கிடந்தது. நாற்பது வருடமாகக் கோயில் நாளுக்கும் லோடு நாளுக்கும் நடுவில் வண்டி ஓட்டினவனுக்கு இது ஒரு கணக்கா? சாமி கும்பிட்டு மூன்றாம் நாள் மதுரையில் விமானம் ஏறுவது. பொங்கல் சாட்டுவதற்கு நாலு நாள் முன்னால் வீடு. நடுவில் ஐந்து நாள் திராட்சை நாடு, மற்ற நாளெல்லாம் பெர்த்தில் மகன் வீடு. அந்த ஐந்து நாளையும் நானே வரிசைப்படுத்தினேன். காலையில் கடல், காற்று கிளம்பும் முன் ஏறிவிட வேண்டும். மதியம் காட்டு மரநிழல். ஒரு விடிகாலை முழுக்கத் தோட்டம், பறிக்கிறதைப் பார்க்க. சமையல்கட்டு உள்ள வீடாக எடுக்க வேண்டும், பெண்களுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு இறங்காது. கடைக்குள் போய்க் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், காரோட்டுகிறவன் மட்டும் தொடக் கூடாது.

எல்லாவற்றையும் என் வாயால் சொன்னேன். என் வீட்டுக்காரி எழுதினாள். மகன் போனுக்கும் போனது, சம்பந்தி வீட்டுக்கும் போனது. அதோடு ஆடிப் பயணம் நின்றது.

போன வாரம், கார்த்திகையில், அந்தக் கம்பிச் சுருள் புத்தகம் வீட்டுக்கு வந்தது. அட்டையில் கடல் படம். உள்ளே முதல் பக்கத்தில், "திட்டமிடல்" என்று போட்டு, சம்பந்தி பெயர், அவர் படித்த படிப்பு, வாங்கிய விருது. ஐந்து நாளும் நான் சொன்னபடி, ஒரு எழுத்து மாறாமல். கடைசிப் பக்கத்தில் ஸ்கூல் டூர் மாதிரி ஆளுக்கொரு பொறுப்பு. என் பெயருக்கு நேரே, "பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்தல்."

குடும்பக் குரூப்பில் மகன் எழுதியிருந்தான்: "மாமா அறுவடை மாசம் பார்த்துத் தேதி மாத்துனது சூப்பர்." கீழே இருபது பேர் கைதட்டு. மருமகளுடைய சித்தப்பா, "தலைமையாசிரியர்னா சும்மாவா!" என்று போட்டிருந்தார்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரே பாலவனத்தம் போனேன். சம்பந்தி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்மந்தி. சாப்பிடலாம்ல?"

"சாப்பிட வரல. மாசின்னு சொன்னது யாரு?"

"யாரு சொன்னா என்ன சம்மந்தி? நல்லபடியாப் போய்ட்டு வந்தாச் சரி."

"அப்ப உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க. யாரு பேரா இருந்தா என்ன?"

துண்டால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒழுங்குபடுத்தி எழுதினது நான்தான?"

"எழுதினது நீங்க. கண்டது யாரு? அந்தக் கொடியப் பாத்துட்டுச் சொன்னது யாரு?" அதற்கு மேல் வாக்காவது ஒன்றாவது. "நான் கம்பத்துல மூணு வருஷம் கூலிக்குக் கவாத்து வெட்டுனவன். நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டு டூர் வந்து பாத்தீங்களே பந்தல், அதுக்கு அடியில அண்ணாந்து நின்ன ஆளுகள்ல நான் ஒருத்தன். அதனால தெரியும்."

அவர் ஆச்சரியப்படவில்லை. அது எனக்குப் பெரிய அடி.

"அது தெரியும் சம்மந்தி," என்றார். "நிச்சயத்துக்கு முன்னாடியே விசாரிச்சோம்ல. பொண்ணு குடுக்குற இடம்னா நாலு பேருகிட்டக் கேக்காம இருப்போமா? எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் நாங்க அதைப் பேசுறதில்ல. அதைப் போய் அச்சுல போட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சங்கடமாம். ஏழு வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது இவர்களுக்குத் தெரிந்த ஒன்றை மறைக்க. மகன் வெட்கப்பட்டான், இவர் மரியாதை செய்தார், இரண்டு பேரும் சேர்ந்து என் மூன்று வருடத்தைப் புதைத்துவிட்டார்கள். சம்பந்தியம்மா மோர் கொண்டுவந்தார்கள். நான் வாங்கவில்லை.

"பொண்ணு எடுக்க வந்தப்ப நான் கூலின்னு தெரிஞ்சும் குடுத்தீங்க. அது உங்க பெரிய மனசு. இப்ப கூலிக்காரன் மூளைய எடுத்துக்கிட்டு, கூலிக்காரனை மட்டும் பெட்டி எண்ண விட்டீங்க. அது என்ன மனசு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து சமாதானத் தூது நிற்கவில்லை. விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்று மகன் தினமும் கூப்பிடுகிறான். "சின்ன விஷயத்துக்கு ஏம்பா இப்படி?" என்கிறான். சின்ன விஷயம் என்றால் மாற்ற வேண்டியதுதானே, என்ன தடுக்கிறது? என் வீட்டுக்காரி, "நான் கொடியில தொங்குறதப் பாக்கவா வேணாமா?" என்று கேட்டாள். அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் தாராளமாகப் போகட்டும். காலையில் பறிக்கும் நேரத்துக்கு நிற்கட்டும், ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்க்கட்டும். அந்தக் குலை அன்றைக்கு அங்கே தொங்குவது யாரால் என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். முதல் பக்கத்தைத் திரும்ப அடிக்க வேண்டும். அச்சுக் கூலியை நான் தருகிறேன். சம்பந்தியின் படிப்பும் விருதும் இருந்தபடி இருக்கட்டும், அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், நான் சொல்கிறபடி இருக்க வேண்டும்: "ஆடியை நிறுத்தி மாசியைக் குறித்து, ஐந்து நாளையும் வகுத்தவர் மாப்பிள்ளையின் தகப்பனார். கம்பம் திராட்சைத் தோட்டத்தில் மூன்று வருடம் கூலிக்குக் கவாத்து வெட்டியவர்." கூலி என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. குரூப்பில் அதை மகனே போட வேண்டும், அவன் கையால், அந்த இருபது பேரும் பார்க்க.

அது வந்த அன்றைக்கு பீரோ திறக்கும்.